முதல்ல டீ போடு

"மேல ஒண்ணு, கீழ அஞ்சு கூட்டல்..." என்று முன்வரிசைப் பெண் கணக்கைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அஞ்சோடு எதைக் கூட்ட வேண்டும் என்று அவள் இன்னும் சொல்லவில்லை. அதற்குள் டீ சார் கரும்பலகைப் பக்கம் திரும்பி, 'டீ சமம் டேன் எக்ஸ் பை டூ' என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடும் இழுத்துவிட்டார். பிறகு சாவகாசமாகத் திரும்பி, "ம், சொல்லும்மா. கீழ என்ன?" என்கிறார். விருந்தாளி யாரென்று தெரியும் முன்பே நாற்காலியைத் தட்டிப் போட்டுவிட்டு வாசலில் நிற்பவரைப் போல ஒரு நிம்மதி அவர் முகத்தில்.

கல்லூரிக் கணிதத்தை ஒருகாலத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிவந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. தொகையிடல் என்பது, வளைந்து நெளியும் ஒரு கோட்டுக்கு அடியில் எவ்வளவு இடம் அடைபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை. கணக்கு எழுதப்பட்டிருக்கும் கோலத்தில் அது பெரும்பாலும் பிடி கொடுக்காது. ஆகவே அதிலுள்ள ஒரு சிக்கலான துண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதிதாக ஓர் எழுத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள். இதற்குப் பிரதியிடல் என்று பெயர். சரியான துண்டை எடுத்தால் கணக்கு இரண்டே வரியில் வழிக்கு வரும். வேறு துண்டை எடுத்தால் பக்கம் பக்கமாக இழுத்தடிக்கும். எதை எடுப்பது என்பதில்தான் சூட்சுமம் அத்தனையும்.

அந்தச் சூட்சுமத்தோடு டீ சாருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. சைனும் காஸும் கலந்து வரும் கணக்கு எதுவானாலும் சரி, பாதிக் கோணத்தின் டேனை எடுத்து டீ என்று வைத்துக்கொள்வார். உடனே சைனும் காஸும் இருந்த இடம் தெரியாமல் போய், வெறும் டீயும் எண்களும் மிஞ்சும். சில நேரம் நிறையவே மிஞ்சும். ஆனால் வழி கைவிடாது. கைவிடாது என்பதுதான் அவருக்கு முக்கியம்.

"முதல்ல டீ போடு. மத்ததெல்லாம் அப்புறம்." வகுப்பில் அவர் அதிகம் சொல்லும் வாக்கியம் இதுதான். இப்படி ஒரு வாக்கியத்தைக் கையில் கொடுத்தால் மாணவர்கள் சும்மா இருப்பார்களா? வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டே டீ சார் ஆனவர், இப்போது ஓய்வு பெறும் வயதை எட்டிப் பார்க்கும்போதும் அதே பெயரோடுதான் இருக்கிறார். அவருடைய அசல் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் பயன்படுகிறது.

போன ஆண்டு துறையில் புதிதாக ஒரு பெண் விரிவுரையாளர் சேர்ந்தார். எல்லோரும் டீ சார், டீ சார் என்று சொல்வதைக் கேட்டவர், பாவம், மனிதருக்குத் தேநீர் என்றால் உயிர் போலிருக்கிறது என்று எண்ணி, கேன்டீனிலிருந்து பெரிய கோப்பை நிறைய வாங்கிவந்து அவர் மேசையில் வைத்தார்.

"எனக்கு டீ ஒத்துக்காதும்மா. நெஞ்சு எரியும். வெந்நீர்தான்."

"அப்புறம் ஏன் சார் எல்லாரும் அப்படிக் கூப்பிடறாங்க?"

"அது வேற டீ" என்றார் அவர், மிகுந்த மரியாதையோடு.

வாழ்க்கையில் அவர் கை வைத்த இடமெல்லாம் ஒரு டீ இருக்கிறது என்பது அவர் மனைவியின் கட்சி. அலமாரியைத் திறந்தால் ஒரே வெளிர்நீலத்தில் சட்டைகள் வரிசையாகத் தொங்கும். யாருக்குக் கல்யாணமானாலும், யார் புது வீடு போனாலும், யார் ஓய்வு பெற்றாலும் அவர் கொடுப்பது சுவர்க்கடிகாரம். ஒரே உறவினர் வீட்டில் மூன்று சுவர்களில் அவர் கொடுத்த மூன்று கடிகாரங்கள் மூன்று நேரம் காட்டுகின்றன. வீட்டில் திருப்புளி ஒன்று உண்டு. திருகாணிக்கு மட்டுமல்ல, டப்பா மூடியை நெம்ப, இறுகிப்போன ஜன்னலைத் திறக்க, பெயின்ட் கலக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். கல்லூரிக்கு நேராகப் போகும் பேருந்தை விட்டுவிட்டு, ஊரையே ஒரு சுற்றுச் சுற்றும் பேருந்தில்தான் ஏறுவார். நேர்ப் பேருந்து சில நாள் வரும், சில நாள் வராது. சுற்றுப் பேருந்து வந்தே தீரும்.

மனைவி மருத்துவமனையில் மருந்தாளுநர். கிண்டலுக்கு அவர் வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. அவருடைய மருந்து அலமாரியிலேயே இருக்கிறது.

"தலைவலிக்கு ஒண்ணு, வயித்துவலிக்கு ஒண்ணுன்னு நாங்க தட்டுத் தட்டா மாத்திரை அடுக்கி வச்சிருக்கோம். உங்களைக் கொண்டுபோய் உட்கார வச்சா ஒரே டப்பா போதும்."

"எல்லாத்தையும் குணப்படுத்தற மாத்திரை ஒண்ணு இருந்தா நீ வேணாம்னா சொல்லுவே?"

"குணமாகுமுங்க. அதுவரைக்கும் ஆள் இருக்கணுமே."

இதையெல்லாம் கேட்டு அவரைப் பிடிவாதக்காரர் என்று முடிவு கட்டிவிட்டால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, துறை அறையில் புது விரிவுரையாளருக்கும் அவருக்கும் நடந்த வாதத்தில்தான் வெளியே வந்தது. புது விரிவுரையாளர் கணக்கைத் தொடும் முன் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்ப்பார். அவ்வளவுதான் அவருடைய முறை.

"ஒரு நிமிஷம் சும்மா பார்த்தா போதும் சார். மேல நிக்கறது கீழ இருக்கறதுக்குச் சொந்தமா, இல்லையான்னு தெரிஞ்சிடும். அப்புறம் எதை எடுக்கணும்னு கணக்கே சொல்லிடும்."

"உங்களுக்குச் சொல்லும். கண்ணு இருக்கறவங்களுக்குச் சொல்லும். கடைசி பெஞ்சுல ஒருத்தன் உட்கார்ந்திருக்கான். கணக்கைக் கண்டாலே அவனுக்கு வேர்க்குது. அவன்கிட்ட, பாரு, தானா தெரியும்னு சொன்னா அவனுக்கு என்ன தெரியும்? அவன் தலைவிதிதான் தெரியும். கண்ணு இருக்கறவன் நான் இல்லாட்டியும் போட்டுடுவான். நான் பாடம் நடத்தறது மத்தவனுக்கு."

அவர் சொன்னது பொய்யில்லை. தொகையிடல் என்ற சொல்லைக் கேட்டாலே பேனாவை மூடி வைத்துவிடும் மாணவர்கள் ஆண்டுதோறும் டீயைப் பற்றிக்கொண்டு கரையேறுவதைத் துறையே பார்த்திருக்கிறது. கல்லூரியை விட்டுப் போன பிறகும் அவரைத் தெருவில் கண்டால் வண்டியை நிறுத்தி இறங்குபவர்கள் அவர்கள்தான். கெட்டிக்கார மாணவர்கள் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்கள்.

இந்தப் பருவத் தேர்வுக்கு வினாத்தாள் எடுப்பது அவருடைய முறை. கடைசிக்கு முந்திய கேள்வியாக ஒரு தொகையைத் தேர்ந்தெடுத்தார். மேலே காஸ் எக்ஸ். கீழே ஒன்றும் சைன் வர்க்கமும். பூஜ்யத்திலிருந்து செங்கோணம் வரை. மேலே நிற்கும் காஸ், கீழே இருக்கும் சைனை வகையிட்டால் கிடைப்பது. ஆகவே சைனை எடுத்து யூ என்று வைத்தால் இரண்டு வரியில் கதை முடிந்தது. டீ சாருக்கும் அது கண்ணில் பட்டது. பட்டதும், வேண்டாத உறவினரைச் சந்தையில் பார்த்தவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டீயைப் போட்டார். போட்டதும் கீழே ஒரு சேறு உருவானது: டீயின் நாலாம் அடுக்கு, அதோடு ஆறு மடங்கு டீ வர்க்கம், அதோடு ஒன்று. விடுமுறை நாளின் பிற்பகல் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டினார். கடைசியில் மேலேயும் கீழேயும் டீ வர்க்கத்தால் வகுத்து, டீயையும் அதன் தலைகீழையும் கூட்டி இன்னோர் எழுத்தாக வைத்தபோது, நாலாம் அடுக்கு பெட்டிப்பாம்பாக அடங்கியது. விடை பையில் கால் பங்கு. அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது காட்டாமல் இருக்க முடியவில்லை. மனைவியைக் கூப்பிட்டார்.

மனைவி ஈரக் கையோடு வந்து பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "கையெழுத்து நல்லா இருக்குங்க" என்றார்.

அந்தப் பக்கமே விடைக்குறிப்பு ஆனது. பத்துப் படி, படிக்கு ஒரு மதிப்பெண்.

விடைத்தாள் திருத்துவது துறையின் நீண்ட அறையில். மாணவர் பெயரை மறைத்து, எண் மட்டும் தெரியும்படி கட்டிக் கொடுத்திருப்பார்கள். நீளமேசையின் ஒரு பக்கம் டீ சார், எதிரே புது விரிவுரையாளர், கோடியில் துறைத்தலைவர். சில தாள்களைத் திருத்தியதும் புது விரிவுரையாளர் தலையைத் தூக்கினார்.

"சார், இதுல சைனை யூன்னு வச்சு ரெண்டு வரியில போட்டிருக்காங்க. விடை சரி. ஆனா உங்க குறிப்புல இருக்கற படி ஒண்ணுமே இதுல இல்ல. என்ன போடறது?"

"எல்லைக்கு ஒண்ணு, விடைக்கு ஒண்ணு, கடைசி ரெண்டு படிக்கு ரெண்டு. நாலு போடுங்க."

"சரியா போட்டதுக்கு நாலா?"

"நான் வகுப்புல ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். அந்த வழி தெரியுதான்னுதான் கேட்டேன்."

"கேள்வியில மதிப்புக் காண்கன்னுதான் சார் இருக்கு. வழி எதுவும் சொல்லலையே."

"இப்படிப் பார்த்துப் போடறவன் கெட்டிக்காரன்மா. அவனுக்கு ஆறு மார்க் குறைஞ்சா ஒண்ணும் ஆகிடாது."

"அவனுக்கு ஆகாதுங்கறதுக்காக நாம குறைக்கலாமா சார்?"

துறைத்தலைவர் இரண்டு பக்கமும் நல்லவராக இருந்தே தலைவர் ஆனவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "குறிப்பு எழுதினது அவர். அவர் சொல்றபடியே திருத்துங்க. ஆனா டீ சார், பசங்க மறுமதிப்பீடுன்னு வந்து நின்னா பதில் நீங்கதான் சொல்லணும். நான் அன்னிக்கு லீவு."

"தாராளமா சொல்றேன்" என்று டீ சார் தம் கட்டைப் பிரித்தார்.

முதல் சில தாள்களில் ஒன்றும் விசேஷமில்லை. அதற்குப் பிறகு ஒரு தாள் வந்தது. கேள்வி எண்ணுக்குக் கீழே, 'டீ சமம் டேன் எக்ஸ் பை டூ'. அடியில் இரட்டைக் கோடு. அவர் போடுவது போலவே, வலது கோடியில் சற்று மேலே தூக்கிய கோடு. டீ சாருக்கு மனம் குளிர்ந்தது. நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டு படித்தார்.

எல்லாம் சரியாகத்தான் போனது. சைனுக்கு டீ, காஸுக்கு டீ, எல்லைகளும் சரியாக மாறியிருந்தன. டீயின் நாலாம் அடுக்கு வந்தது. அங்கே கை நின்றிருந்தது. அந்தப் பையனோ பெண்ணோ அதைக் காரணிப்படுத்தப் பார்த்து அடித்திருந்தார். மறுபடி எழுதி, வேறு மாதிரி பிரித்து அடித்திருந்தார். புதுப் பக்கத்தில், முதலிலிருந்து, இரட்டைக் கோடு உட்பட மறுபடியும் எல்லாவற்றையும் எழுதியிருந்தார். தன் மேல்தான் தவறு என்று நினைத்திருக்க வேண்டும்; கூட்டல் கழித்தலை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த சின்னச் சின்னக் குறிகள் ஓரமெல்லாம் இருந்தன. அதே நாலாம் அடுக்கு அதே இடத்தில் வந்து நின்றது. இன்னொரு பக்கம். கையெழுத்து பெரிதாகிக்கொண்டே போனது.

அதற்கு அடுத்த பக்கத்தில் கடைசிக் கேள்வியின் எண் இருந்தது. எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

கடைசிக் கேள்வி, எல்லோரும் மதிப்பெண் வாங்கட்டும் என்று அவரே வைத்த சுலபமான கேள்வி. இந்தத் தாளை எழுதியவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. நேரம் இருந்திருக்காது.

டீ சார் சிவப்புப் பேனாவை மேசையில் வைத்தார். கட்டில் இருந்த மற்றத் தாள்களைத் திருத்தாமல் புரட்டினார். இரட்டைக் கோடு கண்ட இடத்தில் நிறுத்தி, கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். இன்னொரு வட்டம். சிறிது தள்ளி இன்னொன்று. இரண்டு வரிக்காரர்களின் தாள்களில் கடைசிக் கேள்வி நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதப்பட்டிருந்தது.

முதல் தாளை எடுத்து எதிர்ப்பக்கம் நீட்டினார். "இதைக் கொஞ்சம் பாருங்கம்மா."

புது விரிவுரையாளர் பொறுமையாகப் படித்தார். வட்டம் இருந்த பக்கத்தில் சற்றுத் தாமதித்தார். கேலிக்கு இடம் இருந்தது, அவர் செய்யவில்லை. "தப்பு எங்கயும் இல்ல சார்" என்றார்.

"ஆமா" என்றார் டீ சார். "தப்பே இல்ல. நான் சொன்னதை ஒண்ணு விடாம கேட்டிருக்கு இந்தப் பிள்ளை."

எழுந்து துறைத்தலைவர் பக்கம் போனார். "குறிப்பை மாத்தணும் சார். சரியான எந்த வழியில போட்டாலும் முழு மார்க்."

"கொஞ்ச நேரம் முன்னாடி அந்தப் போடு போட்டீங்களே?"

"அப்ப போட்டேன். இப்ப மாத்தச் சொல்றேன்."

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை ஒரு முறை பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். திருத்தியதை எல்லாம் மறுபடி திருத்தினார்கள். இரண்டு வரிக்காரர்களுக்குப் பத்து வந்தது. இரட்டைக் கோட்டுக்காரர்களுக்கு எட்டிய படிவரைக்கும் ஐந்தோ ஆறோ வந்தது. வட்டத்துக்கு மட்டும் எதுவும் செய்ய முடியவில்லை. எழுதாத விடைக்கு மதிப்பெண் தரும் குறிப்பை யாராலும் எழுத முடியாது. அந்தத் தாள்களில் சில, தேறுவதற்கு வேண்டிய மதிப்பெண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டன.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். என்ன என்று கேட்கவில்லை. கேட்காவிட்டால்தான் அவர் சொல்வார் என்பது இத்தனை வருஷக் குடித்தனத்தில் கற்றது.

"தெரியாதவனைத்தான் காப்பாத்தறேன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றார் கடைசியில். "தெரிஞ்சவன் எல்லாம் தப்பிச்சுட்டான். இவங்கதான் மாட்டிக்கிட்டாங்க. என்னை நம்பினவங்க."

"வழி தப்பா?"

"வழி சரி. இந்தக் கணக்குக்கு அது வேணாம். எனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் வச்சேன்."

மனைவியிடம் இதற்கு ஏற்ற கிண்டல் ஒன்று தயாராக இருந்திருக்கும். அதை அன்று அவர் எடுக்கவில்லை. "ஒரு மருந்து ஒத்துக்கலேன்னா டாக்டர் மாத்தி எழுதிக் கொடுப்பார். நாங்க எடுத்துக் கொடுப்போம். தினமும் நடக்கறதுதான். அதுக்காக யாரும் அந்த மருந்தைக் குப்பையில கொட்டறதில்ல. தண்ணியைக் குடிங்க, ஆறிடப் போவுது."

மறுநாள் இடைவேளையில் டீ சார் புது விரிவுரையாளரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். தேறாதவர்களுக்கு மறுதேர்வு உண்டு. வினாத்தாளை நீங்களே எடுங்கள் என்றார். அவர் சரி என்றார். டீ சார் நகரவில்லை.

"சும்மா பார்த்தா தெரியும்னு சொன்னீங்களே. அதை எப்படிப் பார்க்கறது?"

"எப்படின்னா... பார்க்கறதுதான் சார்."

"இதையேதான் நானும் அன்னிக்குச் சொன்னேன். கடைசி பெஞ்சுக்காரன்கிட்ட போய் இப்படிச் சொன்னா ஆச்சா? நீங்க பார்க்கும்போது உள்ளுக்குள்ள ஏதோ கேட்டுக்கறீங்க இல்ல? என்ன கேட்டுக்கறீங்க?"

அவர் யோசித்தார். இதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. ஒரு தாளை இழுத்துக் கணக்கு ஒன்றை எழுதி, தன்னையே வேவு பார்ப்பவர் மாதிரி மெல்லச் சொன்னார்: மேலே நிற்பது கீழே இருக்கும் எதையாவது வகையிட்டால் வருவதா? ஆமென்றால் கீழே இருப்பதை எடு. இல்லையா, சைனோ காஸோ ஒற்றைப்படை அடுக்கில் நிற்கிறதா? அதில் ஒன்றைத் தனியே கழற்றி வை. டீ சார் விடவில்லை. ஏன், எப்படி, பிள்ளைக்கு அது தெரியாவிட்டால் என்ன செய்வது என்று குடைந்துகொண்டே இருந்தார். மணி அடித்தது, இருவருக்கும் காதில் விழவில்லை. கெட்டிக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரிந்த ஒன்று, அந்த மேசையில் மற்றவர்களும் கேட்டுக்கொள்ளக்கூடிய சில கேள்விகளாக ஆகிக்கொண்டிருந்தது.

"எதுக்கும் பதில் கிடைக்கலேன்னா?" என்றார் டீ சார்.

"அப்ப டீ போட வேண்டியதுதான் சார்."

"சரியா வருது" என்றார் அவர், நீண்ட நாள் வழக்கொன்றில் சமரசமானவரைப் போல. "மறுதேர்வுல டீக்குன்னு ஒரு கணக்கு வைங்க. ஒண்ணு போதும்."

மறுதேர்வுக்கான வகுப்பில் மிகச் சிலரே இருந்தார்கள். அவர்களில் யார் அந்தத் தாளை எழுதியது என்று அவருக்குத் தெரியாது. எண்ணைப் பெயரோடு பொருத்திப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. அவர் பார்க்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வருகைப் பதிவை முடித்தார். பலகையில் ஒரு கணக்கை எழுதினார். மேலே சைன் எக்ஸ். கீழே இரண்டு கூட்டல் காஸ் எக்ஸ். எல்லோரும் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு, அவர் அடுத்து எழுதப்போவதை எழுதக் காத்திருந்தார்கள். சிலர் கோடு போட அளவுகோலைக்கூட எடுத்துவிட்டார்கள்.

டீ சார் மேடையிலிருந்து இறங்கினார். இரு பெஞ்சு வரிசைகளுக்கு நடுவே நடந்து கடைசி பெஞ்சு வரைக்கும் போனார். ஓரத்தில் இருந்த மாணவனிடம், "கொஞ்சம் நகருப்பா" என்றார். அவன் திகைத்து நகர்ந்து கொடுத்த இடத்தில் உடம்பைச் சுருக்கி உட்கார்ந்து, முழங்கைகளை மேசைமேல் ஊன்றி, மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு, தூரத்தில் பலகையில் இருந்த கணக்கைப் பார்க்க ஆரம்பித்தார்.